தொடு அனுமதிப் படிவம்

மகள் லேத்தைத் தொட்டுவிட்டாள் என்று கல்லூரியிலிருந்து போன் வந்தபோது, மில்லுக்காரி ஒரு மூட்டைச் சோளத்தை மெஷின் வாயில் கொட்டிக்கொண்டிருந்தாள். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. லேத், தொட்டுவிட்டாள் என்பது மட்டும் விழுந்தது. இருபது வருடம் மெஷினோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதும். சுவிட்சை அணைத்துவிட்டு, "கை போச்சா?" என்று கேட்டாள்.

"கைக்கு ஒண்ணும் ஆகலம்மா," என்றது போன். "ஒழுங்குதான் போச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. பொண்ணோட அப்பாவை வரச் சொல்லுங்க."

கை இருக்கிறது என்றதும் வயிற்றில் பால் வார்த்தது. அப்பா என்றதும் அந்தப் பால் திரிந்துபோனது.

அப்பா கதையை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு நேரமிருக்காது. பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலையில் மில்லின் பெல்ட் அறுந்து, அவர் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. அவருக்கு அந்த மெஷின் என்றாலே முதலிலிருந்து குலைநடுக்கம். "புது பெல்ட் வாங்கிட்டு இதோ வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் போனவர்தான். தெருக்காரர்கள் அவருக்கு 'இதோ வர்றேன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெல்ட்டை அவளே வாங்கி வந்தாள், அவளே மாட்டினாள், மறுநாளிலிருந்து அவளே ஓட்டினாள். பத்து வயது மகள் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள். அப்படிக் கொடுத்துக் கொடுத்தே, பேரிங் போடும் சத்தத்தை வைத்து கிரீஸ் வைக்க வேண்டிய நாளைச் சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள். அவளுக்குத் தெரு வைத்த பெயர் ஸ்பானர்.

ஸ்பானருக்கு ஒரே ஓர் ஆசை. என்ஜின் செய்யும் தொழிற்சாலைக்குள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பட்டம் வேண்டும். பட்டத்துக்காகத்தான் அந்த மகளிர் பொறியியல் கல்லூரி. இப்போது இறுதியாண்டு. பட்டறைச் செய்முறைத் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. அதில் தேறாவிட்டால் நாலு வருடப் படிப்பும் வீண்.

மறுநாள் மில்லுக்காரி தலையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக் கிளம்பினாள். கல்லூரி வாசலில் 'எதிர்காலம் பெண்கள் கையில்' என்று பெரிய பலகை இருந்தது. பலகைக்குக் கீழே நின்ற காவலாளி அவள் பையைத் திறந்து, உள்ளே கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்துக்கொண்டான்.

"கருவி எதுவும் உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா."

"இது இஞ்சினியர் காலேஜ்தானே?"

"அதனாலதான்," என்றான் அவன், போகும்போது வாங்கிக்கொள்ளச் சீட்டும் கொடுத்தான்.

விசாரணை அறையில் நீளமான மேஜைக்குப் பின்னால் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிரின்சிபால் அம்மாள். குரலை உயர்த்தியே பேசாதவர். எதைச் சொன்னாலும் நோயாளிக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொல்வார். ஓரத்தில் பட்டறை ஆசிரியர். மூன்று மீட்டர் மூங்கில் கம்பு ஒன்றை எப்போதும் கையோடு வைத்திருப்பார் என்பதால் மாணவிகள் அவரைக் கம்பு சார் என்பார்கள். இப்போதும் அதைப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். ஸ்பானர் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"நடந்ததைச் சொல்லும்மா," என்றார் பிரின்சிபால்.

"எட்ட நின்று கற்றல் வகுப்பு நடந்துட்டு இருந்துது மேடம்."

மில்லுக்காரிக்கு இது புரியவில்லை. கம்பு சார் விளக்கினார். பட்டறையில் லேத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் தள்ளி மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. மாணவிகள் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். அவரும் வெளியேதான் நிற்பார். கம்பால் ஒவ்வொரு பாகமாகச் சுட்டிக்காட்டுவார். மாணவிகள் அதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைந்து வண்ணம் தீட்டுவார்கள். நன்றாக வண்ணம் தீட்டியவர்களுக்குப் பரிசும் உண்டு. ஸ்பானர் இதுவரை அந்த லேத்தை நாற்பத்தொரு முறை வரைந்திருக்கிறாள்.

"ஒரு நட்டு லூஸா இருந்துது மேடம். கோட்டுக்கு வெளிய நின்னாலே தெரிஞ்சுது. மூணு வருஷமா அதை லூஸாவே வரைஞ்சிட்டு இருக்கோம். மனசு கேக்கல. போய் ரெண்டு சுத்து இறுக்கிட்டேன்."

"எந்தக் கையால?"

"வலது கையால."

"எத்தனை விரல்?"

ஸ்பானர் தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "மூணு."

"மூணு விரல்னா அது தொடுதல் இல்ல, பிடித்தல்," என்றார் ஒரு உறுப்பினர். "ரெண்டுக்கும் விதி வேற." இதன் மேல் கால் மணி நேரம் விவாதம் நடந்தது. பெருவிரலைக் கணக்கில் சேர்க்கலாமா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்து, கடைசியில் ஓட்டெடுப்பு நடத்தி, 'விரல் சார்ந்த அத்துமீறல்' என்று பொதுவாக எழுதிக்கொண்டார்கள்.

அதுவரை வாயே திறக்காத ஒரு பெரியவர், "இப்ப அந்த நட்டு எப்படி இருக்கு?" என்று கேட்டார். அப்பாடா, ஒரு மனுஷனாவது விஷயத்துக்கு வந்தாரே என்று மில்லுக்காரிக்கு உயிர் வந்தது.

"இறுக்கமா இருக்கு சார்," என்றாள் ஸ்பானர்.

"அதான் பிரச்சினை," என்றார் பெரியவர் கவலையோடு. "எட்டு வருஷமா ஆய்வுக் குறிப்புல அந்த நட்டு லூஸ்னுதான் எழுதிட்டு வர்றோம். இப்ப எட்டு வருஷக் குறிப்பையும் மாத்தணும். யாரு மாத்துறது?"

பிறகு கோப்பைப் பிரித்தார்கள். உள்ளே முதலாண்டில் கொடுத்த தொடு அனுமதிப் படிவம் இருந்தது. படிவம் எண் ஏழு. 'என் மகள் / மனைவி, தேர்வு நாளில் மட்டும், கையுறை அணிந்து, இயந்திரத்தைத் தொட எனக்கு ஆட்சேபணை இல்லை' என்பதன் கீழே மில்லுக்காரியின் கையெழுத்து, ஓரத்தில் ஒரு விரல் கிரீஸ் கறையோடு.

"இது செல்லாதும்மா," என்றார் பிரின்சிபால். "அப்பா, இல்லேன்னா கணவர். ரெண்டு பேர்தான் போடலாம். இதை வைச்சு தேர்வுக்கு விட முடியாது. தாய்மார்கள் உணர்ச்சிவசப்படுவாங்க."

"நான் பத்து குதிரைசக்தி மோட்டார் ஓட்டுறேங்க. தினமும். மெஷினைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"அது பொழைப்பு. இது கல்வி," என்றார் அவர், அதே ஆறுதல் குரலில்.

விசாரணை முடிந்ததும் பிரின்சிபால் அவளைத் தனியாகத் தன் அறைக்கு அழைத்துப் போனார். நல்ல அறை. ஜன்னலோரத்தில் தரை வரை பூவேலைத் துணி போர்த்திய குட்டையான மேடை ஒன்றும், அதன் மேல் பூச்சாடியும் இருந்தன. பிரின்சிபால் தண்ணீர் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருக்கலாம்.

"நாங்க ஏன் இவ்வளவு கவனமா இருக்கோம்னா, இது பெண்கள் கல்லூரி. முதல் பொறுப்பு பெண்கள். ரெண்டாவது பொறுப்பு கல்லூரி. பொறியியல் அதுக்கப்புறம். பக்கத்துல இருக்கிற கல்லூரிகள்ல எல்லாம் பொண்ணுங்களுக்குச் சின்னச் சின்னக் காயம் பட்டிருக்கு. இங்க இருபத்தாறு வருஷத்துல ஒரு கீறல் உண்டா? ஒருத்தி நகம் உடைஞ்சிருக்கா? நாடெல்லாம் சுத்திப் பாருங்க, இவ்வளவு பத்திரமான பட்டறை எங்கேயும் கிடையாது."

"மெஷின் ஓட்டினாத்தானேங்க காயம் படும்?"

"பாத்தீங்களா, உங்களுக்கே புரியுது," என்றார் பிரின்சிபால் மகிழ்ந்துபோய். "நானே பதினாலு வருஷமா இங்க இருக்கேன். பட்டறைக்குள்ள காலெடுத்து வைச்சதில்ல. என் கணவர் வெளியூர்ல இருக்கார், படிவத்துல கையெழுத்து வாங்கத் தோதுப்படல. அதனால நான் என்ன குறைஞ்சு போயிட்டேன்?"

குறைந்த மாதிரி தெரியவில்லை. தன் வீட்டுக்காரர் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருடம் ஆனதை மில்லுக்காரி சொன்னாள்.

"அவர் இறந்திருந்தார்னா சுலபம். சான்றிதழ் வைச்சு மாமா, சித்தப்பா யாராவது போட்டுடலாம். உயிரோட இருக்கிறதுதான் சிக்கல். இல்லேன்னா இன்னொரு வழி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு நல்ல வரனாப் பாத்து முடிச்சுடுங்க. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டா அன்னைக்கே செல்லும். நிறையப் பேர் செய்முறைத் தேர்வுக்கு முன்னாடி அப்படித்தான் முடிச்சுக்கிறாங்க. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் வருகைச் சலுகை கூட இருக்கு."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஸ்பானர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "விட்டுடும்மா. நான் மில்லுக்கே வந்துடறேன்," என்றாள்.

"வந்து?"

"உன்னை மாதிரி இருந்துட்டுப் போறேன்."

"என்னை மாதிரியா? நல்ல ஆசைடி உனக்கு," என்று மில்லுக்காரி எரிந்து விழுந்தாள். விழுந்துவிட்டு, மகள் அழுவதைப் பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஒரு நட்டை இறுக்கியதைத் தவிர ஒரு பாவமும் செய்யவில்லை. மகளின் புதுக் கல்யாணத்தைவிடத் தன் பழைய கல்யாணத்தைத் தேடிப் போவது தேவலை என்று அந்தப் பஸ்ஸிலேயே முடிவு செய்தாள்.

தேடவெல்லாம் வேண்டியதில்லை. அவர் இரண்டு ஊர் தள்ளி ஒரு சைக்கிள் நிறுத்தத்தில் டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு ஆறு வருடமாகத் தெரியும். தெரிந்தும் போகாமல் இருந்ததுதான் அவளுடைய கௌரவம். இப்போது போனாள்.

அவர் அவளைப் பார்த்ததும் எழுந்து ஓடத்தான் இடம் தேடினார். கையெழுத்துக்காக வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் உட்கார்ந்தார்.

"என் கையெழுத்தா?" என்றார். "எதுக்கு?"

"நம்ம பொண்ணு மெஷினைத் தொடறதுக்கு."

"அது சின்ன வயசுலேயே தொட்டுட்டுதானே இருந்துச்சு?"

"இப்ப படிச்சிருக்காளே. அதனால அனுமதி வேணுமாம்."

அவர் படிவத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். வாழ்க்கையில் யாரும் அவரிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. சைக்கிள் விடுகிறவர்கள்கூடக் கேட்காமல்தான் விடுவார்கள். படிக்கப் படிக்க அவர் முதுகு நிமிர்ந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த இரண்டு விதிகளைச் சத்தமாகவே படித்தார். ஒன்று, கையெழுத்திடும் பாதுகாவலர் மாணவியின் வீட்டிலேயே வசிக்க வேண்டும். இரண்டு, பட்டம் கையில் கிடைக்கும் வரை, பாதுகாவலர் எந்த நேரத்திலும் தம் கையெழுத்தைத் திரும்பப் பெறலாம்.

"அப்ப நான் வீட்டுக்கு வரணும்," என்றார்.

மில்லுக்காரி தரையைப் பார்த்தாள். அவளுக்கு அப்படியே திரும்பிப் போய்விட வேண்டும் போலிருந்தது. பதினோரு வருடம் யார் முகத்தையும் பார்க்காமல் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிய வீடு அது. நீலச் சட்டை போட்ட மகளை மனசுக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வாங்க," என்றாள்.

"நீ முன்னாடி போ. நான் இதோ வர்..."

"அந்த வார்த்தை வேண்டாம். இப்பவே கிளம்புங்க."

அவர் வந்தார். கையெழுத்தோடு படிவம் கல்லூரிக்குப் போயிற்று. இரண்டு வாரத்தில் கல்லூரியில் பாதுகாவலர் தினம். அந்த வருடத்தின் 'துணிச்சல்மிகு தந்தை' கேடயம் அவருக்குத்தான் என்று கடிதம் வந்தது. வழி தவறிய மகளை விதிக்குள் கொண்டுவந்தவர் என்று குழு ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருந்ததாம். மில்லுக்காரிக்கு மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்தார்கள். காதுக்குள் ஒட்டியிருந்த மாவை விரலால் எடுத்துக்கொண்டே மேடைப் பேச்சைக் கேட்டாள்.

"ஒரு மகள் மெஷினைத் தொடறாள்னா, அதுக்குப் பின்னாடி ஒரு அப்பா நிக்கிறார்," என்றார் பிரின்சிபால் மைக்கில். "எங்க நிக்கிறார்? கோட்டுக்கு வெளிய நிக்கிறார். அதுதான் கட்டுப்பாடு."

கைதட்டல். கேடயத்தோடு 'இதோ வர்றேன்' அவர்களும் பேசினார். "எனக்கு மெஷின்னா பயம். அதை இத்தனை நாள் வெளிய சொல்ல வெக்கப்பட்டேன். இங்க வந்த பிறகுதான் அதுக்குப் பேரு பாதுகாப்புன்னு தெரிஞ்சுது," என்றார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பிறகு அவருக்குப் பட்டறையைச் சுற்றிக் காட்டினார்கள். மஞ்சள் கோட்டை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பெயிண்ட் என்றுகூடக் கம்பு சாரிடம் விசாரித்தார்.

தேர்வு நாள் வந்தது. மில்லுக்காரி பட்டறைக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரியும். அவளுக்குப் பார்க்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். மோட்டார் எழும்புகிற சத்தத்தை வைத்தே மகள் எப்படி ஓட்டுகிறாள் என்று சொல்லிவிடுவாள். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் மாணவி போனாள், வந்தாள். இரண்டாவது, மூன்றாவது. ஒரு சத்தமும் இல்லை. கதவு கனமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பெஞ்சை விட்டு எழுந்து கதவோரம் போய் நின்றாள். ஸ்பானர் உள்ளே போனாள். கம்பு சார் ஏதோ சொல்வது கேட்டது, போட்டோ எடுக்கிற சத்தம்கூடக் கேட்டது. மோட்டார் சத்தம் மட்டும் இல்லை.

ஸ்பானர் வெளியே வந்து கையுறையைக் கழற்றி அடுத்த பெண்ணிடம் கொடுத்தாள். இருந்தது ஒரே ஜோடி.

"எப்படிடி?"

"நூத்துக்கு நூறு."

"சத்தமே வரலியே?"

"அதுல மோட்டாரே இல்லம்மா, மூடிக்குள்ள காலி," என்றாள் ஸ்பானர். "ஒரு நிமிஷம் கையை வைச்சுட்டு நிக்கணும். போட்டோ எடுப்பாங்க. அவ்வளவுதான் தேர்வு. எட்டு வருஷம் முன்னாடியே பாதுகாப்புக்காக மோட்டாரைக் கழட்டிட்டாங்களாம். பிரின்சிபால் ரூம்ல இருக்காம், பத்திரமா."

மில்லுக்காரிக்கு அந்தப் பூவேலைத் துணியும் பூச்சாடியும் ஞாபகம் வந்தன. அதன் உயரம், அகலம், துணிக்கு அடியில் ஒரு பக்கம் புடைத்திருந்த முனை. அத்தனை பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தெரியாமல் வந்திருக்கிறாளே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

"நீ கேக்கலியா, இது என்ன கூத்துன்னு?"

"முன்னாடின்னா கேட்டிருப்பேன்," என்றாள் ஸ்பானர். "இப்ப கேக்கவே தோணலம்மா." அதை அவள் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாய்க்குப் பொறுக்க முடியவில்லை.

பட்டமளிப்பு இரண்டு மாதம் கழித்து. அது கையில் வந்துவிட்டால் போதும், மனுஷனை மூட்டை கட்டி அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே மில்லுக்காரி மகளோடு தெருவுக்குள் திரும்பினாள். மில் ஓடும் சத்தம் இல்லை. வாசலில் ஏழெட்டுப் பேர் தானியப் பைகளோடு நின்றிருந்தார்கள்.

"என்னக்கா, நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க? இங்க உங்க வீட்டுக்காரரு ஒண்ணும் விட மாட்டேங்கிறாரு," என்றாள் ஒருத்தி.

உள்ளே புதுப் பெயிண்ட் வாடை அடித்தது. மெஷினைச் சுற்றி இரண்டு மீட்டர் தள்ளித் தரையில் மஞ்சள் கோடு, கொஞ்சம் கோணலாக. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டு. சுவரில் கேடயம். அதற்குக் கீழே நாற்காலி போட்டு 'இதோ வர்றேன்' உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கத்தைக் காகிதம்.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்," என்றார். "இத்தனை வருஷம் நீ அதுகிட்ட நின்னதை நினைச்சா எனக்கு இப்பவும் உடம்பு நடுங்குது. காலேஜ்ல எவ்வளவு ஒழுங்கா வைச்சிருக்காங்க! நாமளும் அப்படி இருப்போம். இந்தா, படிவம். மனைவிங்கிற இடத்துல உன் பேரை எழுதிக் கொடு. கணவர்ங்கிற இடத்துல நான் போட்டுக்கிறேன்."

"அதுவரைக்கும் நீங்க போடுங்களேன் சுவிட்சை," என்றார் பையோடு நின்ற ஒருவர்.

"எனக்கு மெஷின் ஆகாது," என்றார் அவர் பெருமையாக.

மில்லுக்காரி ஓரடி முன்னால் வைத்தாள். அந்தப் பூட்டை உடைக்க அவளுக்கு ஒரு சுத்தியலும் ஒரு நிமிஷமும் போதும். அவரும் அதைப் பார்த்தார். அவசரப்படாமல் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் விரலை வைத்தார்.

"பட்டம் கையில வர்ற வரைக்கும்," என்றார். அதற்கு மேல் படிக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

முன்னால் வைத்த காலை அவள் பின்னால் எடுத்தாள். "பேனா இருக்காடி?" என்று மகளிடம் கேட்டாள். ஸ்பானர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மில்லுக்காரி சுவரில் வைத்துத் தன் பெயரை எழுதினாள். அவர் வாங்கி, தேதியோடு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"சாவி?"

"மூணு வேலை நாள் ஆகும்," என்றார். "பரிசீலிக்கணும்ல?"

வாசலில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு மில்லுக்கு நடந்தார்கள்.

"அம்மா, இன்னைக்கு பேரிங்குக்கு கிரீஸ் வைக்கிற நாள்," என்றாள் ஸ்பானர்.

"தெரியும்."

இரண்டு பேரும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார்கள்.